கழுகுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே சென்றால், பாலுசெட்டிச்சத்திரத்தை அடுத்துத் திருப்புட்குழி என்னும் திவ்ய தேசம் இருக்கிறது. சீதாபிராட்டியை மீட்க இராவணனோடு போரிட்டுச் சிறகிழந்து வீழ்ந்த சடாயுவுக்கு, இராமபிரான் தம் கையாலேயே ஈமக்கடன் செய்த தலம் இது என்பது ஐதிகம். 'புள்' என்றால் பறவை. விஜயராகவப் பெருமாள் கோயிலின் குளத்துக்கும் சடாயு தீர்த்தம் என்றே பெயர். தந்தையின் இறுதிச் சடங்குக்கு உடனிருக்க இயலாத பெருமான், ஒரு கழுகைத் தந்தையாக எண்ணி அக்கடனைச் செலுத்தினார்.

நம் பகுதியில் கழுகின் பெயர் தாங்கிய மற்றொரு தலம் திருக்கழுக்குன்றம். வேதகிரீசுவரர் மலையில் உச்சிவேளையில் நிகழ்ந்த காட்சியை என் வயதுடையோர் பலர் கண்டிருப்பீர்கள். அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கலுடன் பாறையில் அமர்ந்திருப்பார். கூட்டம் வானத்தையே பார்த்திருக்கும். வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட இரண்டு கழுகுகள் வந்திறங்கி, அமுது கொண்டு பறந்து செல்லும். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே பறக்கும் முனிவர்கள் அவர்கள் என்று பெரியோர் கூறுவர். பறவை நூலார் அவ்வினத்தை மஞ்சள்முகப் பாறு என்பர். 1990களின் இறுதியோடு அவ்வருகை நின்றுபோயிற்று. 'கலி முற்றிவிட்டது' என்றனர் சிலர். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏனாத்தூரில், எங்கள் தெருவில் பசு வளர்க்கும் அன்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கன்று ஈன்ற பசு காலைத் தாங்கி நடக்கிறதாம். "ஐயா, உங்கள் மூட்டுவலி மாத்திரை மீதம் இருந்தால் கொடுங்கள். வெல்லத்தில் வைத்துக் கொடுத்துப் பார்க்கிறேன்" என்றார். நான்கு மாத்திரைகளைக் கொடுத்தேன். கோமாதாவுக்குச் சிறு தொண்டு செய்ததாக மனம் மகிழ்ந்தது. அம்மாத்திரையின் பெயர் டைக்ளோஃபெனாக்.

அந்த மருந்து கழுகுக்கு நஞ்சு என்பதைப் பின்னரே அறிந்தேன். மருந்து உடலில் தங்கிய நிலையில் மாடு இறந்தால், அதன் இறைச்சியை உண்ணும் பாறுகளின் சிறுநீரகம் சில நாட்களில் செயலிழந்துவிடுகிறது. பாகிஸ்தானில் வெண்முதுகுப் பாறுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்கு இதுவே காரணம் என்று 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வு நிறுவியது. ஓர் உடலைப் பல பறவைகள் கூடி உண்பதால், இறந்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே அவ்வினம் அழியப் போதும் என்று கணக்கிட்டுள்ளனர். மஞ்சள்முகப் பாறுகள் குறைந்ததற்கும் இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை மத்திய அரசு 2006ஆம் ஆண்டு தடை செய்தது. மனிதருக்குரிய பெரிய ஊசிமருந்துக் குப்பிகள் மாட்டுக்குப் பயன்படுத்தப்பட்டதால், 2015இல் அவற்றை 3 மில்லி அளவுக்குச் சுருக்கியது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. ஆனால் நம் வீட்டு மருந்துப் பெட்டியைச் சட்டம் வந்து சோதிக்காது. அங்கே காவல் நாம்தான்.

ஆகவே அன்பர்களே, நம் வலிமாத்திரையையோ ஊசிமருந்தையோ ஒருபோதும் மாட்டுக்குக் கொடுக்க வேண்டாம். கால்நடை மருத்துவரிடம், கழுகுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் தரலாமா என்று கேளுங்கள். கோசாலைக்குக் காணிக்கை செலுத்தும்போது, அங்கே எந்த வலிமருந்து பயன்படுகிறது என்று பணிவுடன் விசாரியுங்கள். தெருநாய்களைக் கொல்ல இறந்த மாட்டின் உடலில் நஞ்சு வைக்கும் கொடுமையைக் கண்டால் தடுத்துச் சொல்லுங்கள்.

"ஏனாத்தூரில்தான் கழுகே இல்லையே?" என்று அந்த அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நாம் சந்தையில் விற்கும் மாடு எங்கே சென்று இறக்கும் என்பதை நாம் அறியோம். நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் வாழ்கின்றன. இரை தேடி ஒரே நாளில் நெடுந்தொலைவு பறக்கும் இயல்புடையவை அவை. என்றேனும் அவை நம் பக்கம் திரும்பினால், இங்கே இறங்கி உண்ணும் உணவு நஞ்சாக இருக்கலாகாது.

அவர் சற்று யோசித்துவிட்டு, மறுமுறை மருத்துவரையே அழைப்பதாகச் சொன்னார். சொன்னபடியே செய்தும் வருகிறார்.

அடுத்த முறை திருப்புட்குழிக்குச் செல்லும்போது பேரக்குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். சடாயுவின் கதையோடு இந்த மாத்திரையின் கதையையும் சொல்லுங்கள். பெருமான் செலுத்திய கடன், இறந்த கழுகுக்கு உரியது. உயிரோடிருக்கும் கழுகுகளுக்கு உரிய கடன் நம்முடையது.