காற்று யாருக்குச் சொந்தம்?

கோவை ஆலை முதலாளிகள் ஆரல்வாய்மொழியில் காற்றாலை நட்டு, வாரியத்தின் கம்பி வழியே மின்சாரத்தைத் தங்கள் ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள். அதே கம்பி தருமபுரி சர்க்கார் கல்லூரிகளுக்கும் வருகிறது. காற்று மின்சாரம் மட்டும் ஏன் வரவில்லை?

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 2012ல், 50 மெகாவாட் காற்று மின்சாரத்தை 20 ஆண்டுகள் வாங்க ஒப்பந்தம் செய்தது. இங்கும் மத்திய சர்க்காரின் 2022ஆம் ஆண்டு விதிகள் 100 கிலோவாட் வாங்குவோருக்கே வழிவிடுகின்றன. நீண்ட ஒப்பந்தத்தில் விலை முன்கூட்டியே நிர்ணயமாகிறது. நல்லதே. ஆனால் மிச்சமாகும் பணம் யாருக்கு? தனியார் கல்லூரி முதலாளி மின்கட்டணத்தை மிச்சம் பிடித்தால், மாணவர் கட்டணத்தைக் குறைப்பாரா?

நாம் கோருகிறோம்: சர்க்காரே காற்றாலை நிறுவட்டும், சர்க்கார் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரே ஒப்பந்தத்தில் மின்சாரம் தரட்டும், கணக்கைப் பகிரங்கமாக வைக்கட்டும், மிச்சம் விடுதிச் சோற்றுக்குப் போகட்டும். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போன நம் தொழிலாளியின் பிள்ளை அங்கேதான் சாப்பிடுகிறது.