சனிக்கிழமை சமாச்சாரம் – 17: ஒயர் இல்லாத ஸ்பீக்கருக்கு மூணு ஒயர்

மக்களே, போன வாரம் பதிவு வரலை. ஏன்னு யாரும் கேக்கலைங்கறது வேற விஷயம். காரணம், எங்க ரூம் ஹோம் தியேட்டர்.

இங்க அமெரிக்காவுல வாடகை அபார்ட்மெண்ட். சுவத்துல ஆணி அடிச்சா அட்வான்ஸ்ல கழிச்சுடுவாங்க. முன்னாடி மூணு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் டிவி பக்கத்துலயே இருக்கு, பிரச்சினையில்லை. சோபாவுக்குப் பின்னாடி வைக்கற ரெண்டுக்குத்தான் ஹாலுக்குக் குறுக்கே ஒயர். ரூம்மேட் ரெண்டு தடவை தடுக்கி விழுந்தான். சரின்னு வயர்லெஸ் கிட் ஒண்ணு வாங்கினேன். ஒரு மாச மளிகைக் காசு காலி.

பிரிச்சா, டிவி பக்கம் ஒரு டிரான்ஸ்மிட்டர், பின்னாடி ஒரு ஆம்ப்ளிஃபயர் டப்பா. டப்பாவுக்கு கரண்ட் ஒயர் ஒண்ணு, அதுலேர்ந்து ஸ்பீக்கருக்கு ரெண்டு. சிக்னல் காத்துல வரும், கரண்ட் வருமா? சொந்த செலவில் சூனியம்!

அதைவிடப் பெரிய தலைவலி, எல்லா ஸ்பீக்கர்லயும் ஒரே பாட்டு ஓடவிட்டா தவில் அடி ரெண்டு ரெண்டா விழுது. மூணு நாள் மண்டை காஞ்சேன். படிக்கறது சிக்னல் பிராசஸிங் வேற.

அப்பா வீடியோ கால்ல வந்தார். ஊர்ல மைக்செட் வாடகைக்கு விட்டவர். ஒயரைப் பாத்து சிரிச்சு முடிச்சுட்டு, சத்தத்தைக் கேட்டார்.

"திருவிழாவுல தெருக்கோடிக் குழாய் சத்தம் பின்னாடியே வரும்ல, அதாண்டா இது. நாங்க குழாயைத் திருப்பி வெச்சு சமாளிப்போம். உன் மெஷின்ல தூரம் சொல்ல வழியிருக்கா?"

இருந்துச்சு! வயர்லெஸ் கிட் சத்தத்தை 20 மில்லிசெகண்ட் லேட்டாக்குதுன்னு அதோட மேனுவல்லயே போட்டிருக்கு. அந்த நேரத்துல சத்தம் காத்துல சுமார் 22 அடி போகும். பின் ஸ்பீக்கர் நிஜத்துல 6 அடி. ரிசீவர் மெனுவுல 28 அடின்னு பொய் சொன்னேன். பின் ஸ்பீக்கர் தூரத்துல இருக்குன்னு நம்பி, அது முன்னாடி சத்தத்தை அந்த அளவு நிறுத்தி அனுப்புது. தவில் ஒண்ணாயிடுச்சு.

ரூம்மேட்டுங்க கிட்ட "எல்லாம் தியரி, மச்சி"ன்னு சொல்லிட்டேன். காலேஜ் அப்ளிகேஷன்ல அப்பா தொழில்ங்கற இடத்துல "வியாபாரம்"னு எழுதினவன்தானே நான். மைக்செட்னு எழுதக் கூச்சம்.

என் பட்டமளிப்புக்கு மே மாசம் அப்பா வர்றார். சோபாவுல நடு சீட் அவருக்குத்தான். அதுக்கு முன்னாடி பசங்க கிட்ட உண்மையைச் சொல்லிடணும்.

டிஸ்கி: இந்த கிட் ஓடறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல. மைக்ரோவேவும் அங்கதான். எவனாவது சாம்பார் சூடு பண்ணா பின் ஸ்பீக்கர் கரகரங்குது. வாங்கப்போறவங்க கிச்சனைத் தள்ளி வைங்க, இல்ல சாம்பாரை முன்னாடியே சூடு பண்ணிடுங்க.