எஞ்சின் மவுண்ட்டும் கொஞ்சம் ஜல்லியும்

ரொம்ப நாளா மனசுல கிடந்த எரிச்சல் மக்கா, இன்னைக்குக் கொட்டிடறேன்.

வாரம் பூரா ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, சனிக்கிழமையானா ஒஹையோவுல ஒரு சின்ன ஹேங்கருக்கு ஓடிடுவேன். நண்பர் ஒருத்தர் அங்க சொந்தமா ரெண்டு சீட் விமானம் கட்டறார். அமெரிக்காவுல இதுக்குச் சட்டமே இடம் குடுக்குது. பாதிக்கு மேல வேலையை நாமளே செஞ்சிருக்கணும். பிளான்ல இருக்கறது கான்டினென்டல் ஓ-200 எஞ்சின், 2750 சுற்றுல 100 குதிரைசக்தி. விலை கட்டுப்படியாகலைன்னு பழைய சுபாரு கார் எஞ்சினை மாட்டப் போறார். அது அவர் இஷ்டம். ஆனா அதைத் தாங்கப்போற குழாய்ச் சட்டத்தை, அதான் மவுண்ட்டை, கண்ணளவுல வரைஞ்சு வெச்சிருக்கார் பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

கணக்கு எங்கேன்னு கேட்டேன். "ஓ-200 டார்க் 26 கிலோகிராம்-மீட்டர். என் எஞ்சின் 5000 சுற்றுல அதே 100 குதிரைசக்தி, டார்க் வெறும் 14.5. பழைய குழாயே தாராளம். பயமா இருந்தா ஒரு சைஸ் தடிமனாப் போட்டுக்கலாம்"ங்கறார்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. சுத்த ஜல்லி!

5000 சுற்றுல புரொப்பெல்லர் சுத்தினா அதோட நுனி ஒலி வேகத்தைத் தாண்டிடும். அதனால கியர்பாக்ஸ் போட்டுப் பாதியாக் குறைக்கணும். சுற்று பாதியானா டார்க் ரெண்டு மடங்கு, 29. கியர்பாக்ஸ் எஞ்சின்லயே போல்ட் போட்டு நிக்குது, ஆக மவுண்ட்டை முறுக்கறது இந்த 29தான். (டிரில்லிங் மெஷினை ஸ்லோ கியர்ல போட்டு மணிக்கட்டைச் சுளுக்கிக்கிட்டவங்களுக்குப் புரியும்.) இது போக, நாலு சிலிண்டர் எஞ்சின் சீரா இழுக்காது, துடிச்சுத் துடிச்சு இழுக்கும். அமெரிக்காவோட பழைய பார்ட் 23 விதி, 2017ல மாத்தி எழுதற வரைக்கும், நாலு சிலிண்டருக்குச் சராசரி டார்க்கை ரெண்டால பெருக்கச் சொல்லுச்சு. அப்போ 58. அவர் கணக்குப் போட்டதுல நாலு மடங்கு!

"அந்த விதி நமக்குக் கட்டாயமில்லையே"ங்கறார். விதி கட்டாயமில்ல சாமி. துடிப்பு?

அப்புறம் அந்தத் தடிமன் கதை. நாலு மூலைச் சட்டத்துல மூலைவிட்டக் குழாய் இல்லைன்னா, வளைக்கிற விசையெல்லாம் வெல்டிங் முனைலதான் போய் உக்காரும். விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். குழாயைத் தடிமனாக்கினா மூக்கு கனக்கும், மூலைவிட்டம் மட்டும் தானா முளைக்காது.

பறக்கறப்போ எஞ்சின் நின்னா சறுக்கிக்கிட்டாவது இறங்கலாம். எஞ்சினே கழண்டு விழுந்தா மூக்குல எடை போயிடும், வால் கனத்து, விமானம் யார் பேச்சையும் கேக்காது. சோதிக்க வர்ற இன்ஸ்பெக்டர் காகிதத்தையும் கைவேலையையும் பார்ப்பார். மவுண்ட் கணக்கை உக்காந்து போட மாட்டார். 40 மணி நேரம் தனியாப் பறந்து காட்டிட்டா ஆள் ஏத்தலாம். முதல் ஆள் தன் பொண்ணுதான்னு இப்பவே சொல்லி வெச்சிருக்கார். அவளுக்கு ஒன்பது வயசு.

போன வாரம் இதையெல்லாம் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். பேச்சுவார்த்தை கட். ஆனா நேத்து ஹேங்கர் பக்கம் போனப்போ பழைய படம் சுவத்துல இல்ல.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், விமான எஞ்சினியர் இல்ல. நம்பிக்கை இல்லைன்னா நீங்களே பெருக்கிப் பாருங்க.