எச்சில் வாளி சொல்லும் சாட்சியம்

ஆஸ்பத்திரி வார்டில் நோயாளி தொடாமல் விட்ட சோறு வேளைக்கு வேளை வாளியில் கொட்டப்படுகிறது. இதைப் பார்த்துவிட்டு மேலே இருப்பவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இலவசத்தின் அருமை ஜனங்களுக்குத் தெரியவில்லை என்பது ஒரு பேச்சு. மிஞ்சுகிறதென்றால் அளவைக் குறைத்துவிடலாம் என்பது இன்னொரு பேச்சு. முன்னது ஏழையின் மேல் பழி போடுகிறது. பின்னது அவன் வயிற்றில் அடிக்கிறது. இரண்டும் தவறு என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம் இருக்கிறது.

பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் சர்க்காரின் தேசிய சுகாதாரப் பணி நடக்கிறது. அங்கே இந்த விஷயத்தைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாட்டிங்காம் நகரத்து ஆஸ்பத்திரியில் நான்கு வார்டுகளில் உணவு எடை போடப்பட்டது. 2000-ம் ஆண்டில் வெளியான அந்தக் கணக்கின்படி 100-க்கு 40 பங்குக்கு மேல் குப்பைக்குப் போயிற்று. நோயாளிகளின் வயிற்றுக்குள் போனதோ, தேவையில் 100-க்கு 80 பங்குகூட இல்லை. 1994-ல் வெளியான டண்டீ நகரத்துக் கணக்கு இன்னும் கடுமையானது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த 500 பேரில் 200 பேர் நுழையும்போதே ஊட்டம் குன்றியிருந்தார்கள். வெளியேறும்போது மறுபடி எடை பார்க்கப்பட்டவர்கள் சராசரியாக 100-க்கு 5 பங்குக்கு மேல் எடை இழந்திருந்தார்கள்.

நிறைந்த வாளியும் காய்ந்த வயிறும் ஒரே வார்டில் இருக்கின்றன என்பதே இதன் பொருள். இந்த நிலையில் அளவைக் குறைத்தால் வாளி இளைக்காது, நோயாளிதான் இளைப்பான்.

சோறு ஏன் மிஞ்சுகிறது? கட்டிலில் கிடந்த எவரையும் கேளுங்கள். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு காத்திருக்கும்போது சாப்பாடு வருகிறது. திரும்பி வரும்போது அது ஆறி விறைத்துக் கிடக்கிறது. முந்தின நாள் கணக்குப்படி சமைக்கிறார்கள்; அதற்குள் சிலர் வீடு போயிருப்பார்கள், சிலருக்குக் கஞ்சி மட்டும் என்று டாக்டர் மாற்றியிருப்பார். குளுகோஸ் ஏறும் கையால் சோறு பிசைய முடியாது. பல்லில்லாக் கிழவரால் விறைத்த சோற்றை மெல்ல முடியாது. வீட்டு ஆள் பக்கத்தில் இருந்தால் ஊட்டிவிடுவார். ஆனால் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போச்சு என்ற நிலையில் கிராமத்துக் கூலிக்காரக் குடும்பம் எத்தனை நாள் உட்கார முடியும்? ஊட்ட ஆளில்லாத தட்டு அப்படியே திரும்பிப் போகிறது. "நோயாளிக்கு ருசிக்கவில்லை" என்று கணக்கு எழுதப்படுகிறது.

சமைப்பவர் நிலைமை என்ன? பிரிட்டனில் 1983-ல் தாட்சர் சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் சமையல், துப்புரவு, சலவை வேலைகளை டெண்டர் விடும்படி உத்தரவிட்டது. எவன் குறைந்த தொகை கேட்கிறானோ அவன் அந்தக் குறைவை எங்கே ஈடுகட்டுவான்? பருப்பில் பிடிப்பான், ஆள் எண்ணிக்கையில் பிடிப்பான், கூலியில் பிடிப்பான். 2019-ல் வெளியிலிருந்து வாங்கிய சாண்ட்விச்சில் இருந்த லிஸ்டீரியா என்ற கிருமியால் அங்கே நோயாளிகள் மாண்டார்கள். அதன் பிறகு நடந்த விசாரணையின் அறிக்கை 2020 அக்டோபரில் வெளிவந்தது. சமையல்கூடங்களைச் சீர்படுத்துங்கள், சமையல் ஊழியருக்குப் பயிற்சி கொடுங்கள், இரவிலும் உணவு கிடைக்கச் செய்யுங்கள் என்று அது சிபாரிசு செய்தது. காண்ட்ராக்ட் மோகம் பிடித்த நம் அதிகாரிகள் இதைப் படிக்க வேண்டும்.

உணவு வெறும் சலுகையல்ல. வைத்தியத்தின் ஒரு பாகம். ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளுக்கு மருந்தோடு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2023-ல் வெளியாயிற்று. முதல் இரண்டு மாதத்தில் 100-க்கு 5 பங்கு எடை கூடியவர்களுக்குச் சாவின் அபாயம் சுமார் 60 பங்கு குறைந்திருந்தது. மாத்திரையைக் குப்பையில் கொட்டினால் விசாரணை நடக்கும். சோற்றைக் கொட்டினால் ஏன் விசாரணை இல்லை?

"சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் நோயாளிகள் திருப்தி தெரிவிக்கிறார்களே என்பார்கள். நாளைக்கு ஊசி போடப்போகும் நர்ஸம்மா எதிரில் நின்று கேட்டால், "நல்லாத்தான் இருக்குங்கம்மா" என்று சொல்லாமல் ஒரு விவசாயத் தொழிலாளி வேறென்ன சொல்வார்? வீட்டில் பழையதும் பச்சை மிளகாயும் தின்றவருக்குச் சூடான எதுவும் விருந்துதான். ஆகவே வாய் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். எச்சில் வாளியைத் தராசில் வையுங்கள். அது யாருக்கும் பயப்படாது.

இந்தச் சோறு யாருடைய தர்மமும் அல்ல. இ.எஸ்.ஐ. திட்டம் கோவைக்கு 1955-ல் வந்தது. இன்று அதில் சேர்ந்த தொழிலாளியின் சம்பளத்தில் 100-க்கு முக்கால் ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளி செலுத்துவது மூன்றேகால் ரூபாய். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகும் கூலிக்காரரும் தீப்பெட்டி வாங்கும்போதே வரி கட்டுகிறார். பணம் கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

எனவே நாம் கோருகிறோம்: வார்டு வாரியாக மிச்ச உணவை எடை போட்டு, மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். சாப்பாட்டு வேளையில் ரவுண்டும் பரிசோதனையும் வைக்கக் கூடாது. அவசரம் மட்டுமே விலக்கு. பரிசோதனைக்குப் போனவருக்குத் தனியாகச் சூடான உணவு எடுத்து வைக்க வேண்டும். கொஞ்சமாகப் பரிமாறி, கேட்டவருக்கு மறுபடி போட வேண்டும். தாமே உண்ண முடியாதவர் தட்டுக்கு அடையாளம் வைத்து, ஊட்டிவிட ஆள் நியமிக்க வேண்டும். சமையல் ஊழியரும் வார்டு ஊழியரும் நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் பெற வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கட்டிடம் வேண்டாம். வெளிநாட்டு யந்திரம் வேண்டாம். மனம் வேண்டும், அந்த மனத்தை உண்டாக்க நம் குரல் வேண்டும். ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, ஆஸ்பத்திரி மேலதிகாரியிடமும் நோயாளர் நலச் சங்கத்திடமும் நேரில் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஊழியர்களையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். ஆறின சோற்றைச் சுமந்து வந்து, அதையே திரும்பச் சுமந்து போகும் அவர்களைவிட இந்த அநியாயத்தை நன்றாக அறிந்தவர் வேறு யார்?