குலம் மாறிய கிருமி!
பட்டுப்புழுவைக் கொல்லும் வைரசின் வம்சக் கதை

காஞ்சீபுரத்துக்கு அருகே உள்ள கூரம் சிற்றூர்தான். ஆனால், சரித்திரம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அந்த ஊர்ச் சிவன் கோவிலுக்குக் கொடுத்த தானத்தைச் சொல்லும் செப்பேடு அங்கே இருந்தது. தானத்தைச் சொல்லும் முன்பு, மன்னனின் வம்சத்தையே அது வரிசையாகச் சொல்லிவிடுகிறது!

மன்னனுக்குச் செப்பேடு. கிருமிக்கு?

வைரசுக்கும் செப்பேடு உண்டு. அதன் உள்ளே இருக்கும் மரபணுத் தொகுப்புதான் அது. அதைப் படித்தால் குலம் தெரிந்துவிடும். அப்படிப் படித்ததில் ஒரு கிருமியின் குலமே மாறிப் போனது. அதுவும் காஞ்சீபுரம் சேலைக்கு நூல் தரும் பட்டுப்புழுவின் கிருமி!

காஞ்சீபுரம் தறிகளில் ஓடும் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்தில் இருந்து வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும் விவசாயிகள் புழு வளர்க்கிறார்கள். ஒரு புழுவுக்கு நோய் கண்டால் தட்டு முழுவதும் பரவும். நாள் தவறாமல் மல்பெரி இலை போட்டு வளர்த்த உழைப்பு வீண். கூடு இல்லை, நூலும் இல்லை.

இரட்டைப் பிள்ளைகளா?

ஜப்பானில், பட்டுப்புழுவின் குடலைத் தாக்கும் இரண்டு வைரஸ்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் மிகச் சிறியவை. இரண்டின் உள்ளேயும் ஒற்றை இழை டி.என்.ஏ. எது தாக்கினாலும் புழு துவண்டு சாகும். "அண்ணன் தம்பிதான்" என்று முடிவு கட்டினார்கள். 'பார்வோ' என்ற குடும்பத்தில் சேர்த்து, ஒன்று, இரண்டு என்று எண்ணும் கொடுத்தார்கள்.

பிறகு மரபணுவைப் படித்தார்கள். குட்டு வெளிப்பட்டது!

முதல் வைரசின் இழை ஒரே துண்டு. இரண்டாவதற்கோ இரண்டு துண்டுகள். அவை தனித்தனிக் கூட்டில் இருக்கின்றன. மேலும், டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் கருவியைச் செய்யும் குறிப்பும் அதனிடம் இருந்தது. பார்வோ குடும்பத்தில் யாரிடமும் அது கிடையாது.

1966-இல் ஏற்பட்ட சர்வதேச வைரஸ் வகைப்பாட்டுக் குழு, 2010-க்குப் பிறகு அதைப் பிரித்து, 'பிட்னா' என்று தனிக் குடும்பம் அமைத்தது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள்!

கதை முடியவில்லை. குருபோவிச், கூனின் என்ற இரு விஞ்ஞானிகள் 2014-இல் இன்னும் ஆழமாகப் பார்த்தார்கள். நான்கு வீட்டு நூலை வாங்கி நெய்த சேலை அது! உடல் பார்வோ வீட்டுச் சொத்து. பிரதி எடுக்கும் கருவி, 'பாலின்டன்' என்னும் தாவும் மரபணுக்களிடம் வாங்கியது. புழுவின் உயிரணுவில் ஒட்டிக்கொள்ள உதவுவதாகக் கருதப்படும் புரதம், 'ரியோ' வைரஸ் வீட்டில் இருந்து வந்தது. இன்னொரு மரபணு, பட்டுப்புழுவுக்குப் பால் நோய் தரும் 'பாக்குலோ' வைரஸ் கூட்டத்தைச் சேர்ந்தது.

விவசாயிக்கு என்ன லாபம்?

இரண்டாவது வைரஸ் தொட முடியாத பட்டுப்புழு ரகங்கள் உண்டு. ஏன் என்று 2008-இல் ஜப்பானியர் கண்டறிந்தார்கள். அந்தப் புழுக்களின் குடல் சுவரில் ஒரு புரதம் சிதைந்திருக்கிறது. வைரசுக்குக் கதவு அடைபட்டு விடுகிறது!

ஆனால், முதல் வைரசை எதிர்ப்பது வேறொரு மரபணு. ஆகவே, "நோய் எதிர்க்கும் ரகம்" என்று யாராவது முட்டை விற்றால், எந்த வைரசை எதிர்க்கும் என்று கேட்டு வாங்க வேண்டும்.