ஈரத்தை மேலே வையுங்கள்

காணி, வீடு விற்பனை விளம்பரங்களை வாசித்துப் பாருங்கள். "சுவர்க்கம் போன்ற சூழல்", "அரண்மனையை ஒத்த இல்லம்", "தவறவிட்டால் கிடைக்காத அரிய சந்தர்ப்பம்"! சுவர்க்கத்தையே பேர்ச்சஸ் கணக்கில் விற்கிறார்கள். எழுத்துப் பிழையால் காணி 'கானி'யாகிவிடுகிறது. "பள்ளிவாசலுக்கு அண்மையில்" என்றால் பாங்கு கேட்கும் தூரம் என நினைத்துப் போகிறோம். அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ் ஏறவேண்டியிருக்கும். உறுதி யார் பெயரில், பாதை எத்தனை அடி, மாரியில் வெள்ளம் வருமா என்பவை பற்றி மட்டும் ஒரு சொல்லும் இராது.

பிறரைச் சொல்வானேன்? சில ஆண்டுகளுக்கு முன் அயலவர் ஒருவர் வந்து, "ஹஸ்ரத், உங்கட தமிழ் நல்லம். என்ட வளவுக்கு ஒரு விளம்பரம் எழுதித் தாங்க" என்றார். நானும் மகிழ்ந்து, "குளிர்ச்சியான, நீர்வளம் மிக்க பூமி" என்று எழுதிக் கொடுத்தேன். மாரி மழைக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கும் பள்ளக் காணி அது. எனக்கு அது தெரியும். எழுதியதில் பொய்யில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெளிநாட்டில் உழைத்த பணத்தில் மகளுக்கு வீடு கட்டவென்று ஒரு தாய் அதை வாங்கினார். அவர் வந்து பார்த்தது கோடையில். பள்ளத்துக்கு மண் நிரப்பவே அவரது சேமிப்பில் பெரும்பகுதி கரைந்துபோனது.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் சம்பவம் நாம் அறிந்ததே. தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். அந்த வியாபாரியும் பொய் சொல்லவில்லை. ஈரம் அடியில் இருந்தது, அவ்வளவுதான். நான் சொற்களால் ஈரத்தை மூடினேன்.

பொருளின் குறையை விற்பவர் மட்டுமல்ல, அதை அறிந்த பிறரும் வாங்குபவருக்குச் சொல்லவேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். மாணவர்களுக்கு நானே கற்பிக்கும் பாடம் அது!

அந்தத் தாயிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார். ஆனால் போன பணம் போனதுதான்.

இன்றும் விளம்பரம் எழுதித் தரும்படி கேட்டு வருவோர் உண்டு. பேனாவை எடுக்கு முன் நான் கேட்கும் முதற் கேள்வி இதுதான்: "மழைக்குத் தண்ணீர் நிற்குமா?" நிற்குமென்றால், அதுவே விளம்பரத்தின் முதல் வரி.