தமிழைத் தள்ளிவைத்தால் ஆங்கில இலக்கணம் வந்துவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் ஆங்கில வகுப்பில் தமிழ் வாடையே கிடையாது" என்று நம் நெல்லைப் பக்கமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெருமையால் பிள்ளைகளுக்கு நஷ்டம்தான் என்பது என் கட்சி.

உறவுக்காரப் பையன் ஒருவன் தேர்வில், "தட் ஹர் சன்ஸ் லிவ் அப்ராட் மேக்ஸ் ஹர் சேட்" என்று எழுதினான். 'மேக்ஸ்' என்பதை அடித்து, சிவப்பு மையில் 'மேக்' என்று திருத்தியிருக்கிறார்கள். காரணம், 'சன்ஸ்' பன்மையாம்!

பையன் எழுதியதுதான் சரி. இங்கே எழுவாய் 'சன்ஸ்' அல்ல, 'தட்' முதல் 'அப்ராட்' வரையுள்ள முழுத் தொடர். நவுன் கிளாஸ் என்கிறோமே, அது. உள்ளே எத்தனை மகன்கள் இருந்தாலும் மொத்தமாக அது ஒரே செய்தி. ஆகவே ஒருமை.

இதை விளக்கத் தமிழில் ஒரு வாக்கியம் போதும்: "மகன்கள் வெளிநாட்டில் இருப்பது அவளை வருத்துகிறது." யாராவது 'வருத்துகிறார்கள்' என்போமா? 'மகன்கள்' உயர்திணைப் பன்மை. 'இருப்பது' தொழிற்பெயர், அஃறிணை ஒருமை. பள்ளிக்கூடம் போகாத ஆச்சிகூட இதில் தப்புவிட மாட்டாள்.

இரண்டு தொடர் சேர்ந்தால்? "அவர் சொல்வதும் செய்வதும் வேறு வேறாக இருக்கின்றன." ஆங்கிலத்திலும் "வாட் ஹி ஸேஸ் அண்ட் வாட் ஹி டஸ் ஆர் டிஃபரன்ட்" என்றுதான் வரும். அதே கணக்கு. "வாட் வீ நீட்" என்று தொடங்கி, பின்னால் 'புக்ஸ்' போலப் பன்மை வந்தால் 'இஸ்' போடுகிறவர்களும் உண்டு, 'ஆர்' போடுகிறவர்களும் உண்டு. அதை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

"தமிழில் யோசித்தால் ஆங்கிலம் கெடும்" என்பார்கள். சில இடத்தில் கெடும்தான். 'அப்பா வந்தாங்க' என்று பேசிப் பழகிய பிள்ளை, மரியாதைக்காக 'மை ஃபாதர் ஆர்' என்று எழுதிவிடும். எங்கே ஒத்துப்போகும், எங்கே ஒத்துப்போகாது என்று காட்டத்தானே வாத்தியார்?

இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் வாழ்ந்த மாவட்டத்தில் இரண்டு மொழிகளை ஒப்பிடுவது குற்றமா?

போன ஒரு மார்க்குக்காக நான் இதை எழுதவில்லை. அந்தப் பையன் இப்போது 'மேக்' என்றே எழுதுகிறான். சரியாகத் தெரிந்ததைத் தப்பு என்று நம்பவைத்துவிட்டார்கள். பெற்றோராகிவிட்ட என் மாணவர்களே, உங்கள் பிள்ளைகளின் விடைத்தாளையும் எடுத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதலாம். தமிழில் எழுதினாலும் மார்க் குறைக்க மாட்டேன்.